வெளிநாட்டு உறைவிந்து: சோதனை தொடங்குவது குச்சியில் அல்ல, காளையில்

சினை ஊசி போடும்போது மாட்டின் கருப்பைக்குள் போவது, ‘குச்சி’ என்கிற மெல்லிய பிளாஸ்டிக் குழாயில் அடைத்த கால் மில்லிலிட்டர் திரவம். இந்தியத் தரப்படி அந்த ஒரு குச்சிக்குள் சுமார் 2 கோடி விந்தணுக்கள் இருக்க வேண்டும். அது மைனஸ் 196 டிகிரி செல்சியஸில், திரவ நைட்ரஜனுக்குள் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். வெளிநாட்டில் சேகரித்த விந்தை இங்கே கொண்டுவருவதற்கான விதிகள் ஏன் இத்தனை நீளம் என்று முதல்முறை படிப்பவர்கள் மலைத்துப்போவார்கள். ஓர் அடிப்படை விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகள் தாமாகவே புரியும்.

விந்தணுவைக் காக்கிற குளிர் நோய்க்கிருமியையும் காக்கும். 1949-இல் கிளிசரால் சேர்த்தால் உறைந்த விந்தணு பிழைக்கும் என்று கண்டறிந்தார்கள். அந்தக் கிளிசராலும் முட்டை மஞ்சள் கருவும் சேர்ந்த கரைசல், அதனோடு இருக்கும் வைரஸுக்கும் நல்ல படுக்கைதான். உறைந்த பிறகு குச்சியைச் சூடாக்கியோ மருந்தில் நனைத்தோ உள்ளே இருப்பதைச் சுத்தம் செய்ய வழியில்லை. கிருமியைக் கொல்லும் எதுவும் விந்தணுவையும் கொன்றுவிடும். கரைசலில் சேர்க்கும் ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் தடுக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது. ஆகவே சட்டம் குச்சியைவிட அதைக் கொடுத்த காளையைத்தான் விசாரிக்கிறது: விந்து எடுக்கும் முன் அது எப்படி இருந்தது, எடுத்த அன்று எப்படி இருந்தது, எடுத்த பிறகு எப்படி இருந்தது.

எந்த நோய்களுக்காக இந்தக் கவலை

எல்லா நோயும் விந்தில் பரவாது. ‘பைத்தியப் பசு நோய்’ என்ற பி.எஸ்.இ. உலகையே நடுங்கவைத்தது, ஆனால் அந்த நோய் உள்ள நாடாக இருந்தாலும் மாட்டு விந்துக்கு அதன் பெயரால் நிபந்தனை தேவையில்லை என்பதே உலக விலங்கு நல அமைப்பின் நிலை. பயப்பட வேண்டியவை வேறு.

புரூசெல்லோசிஸ், அதாவது சினை மாடு கன்று வீசுகிற நோய், இதில் முதன்மையானது. இயற்கையாகக் காளை சேரும்போது விந்து யோனியில் விழுகிறது. கருப்பைக் கழுத்து ஓரளவு தடுப்பாக நிற்பதால் இந்த நோய் அவ்வழியில் அதிகம் தொற்றுவதில்லை. சினை ஊசியிலோ அந்தத் தடுப்பைத் தாண்டி நேராகக் கருப்பைக்குள் விடுகிறோம். காளை சேர்ந்தால் பெரிதாகத் தொற்றாத கிருமி, ஊசி வழியே போனால் தொற்றிவிடும். இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை.

கேம்பைலோபேக்டர், டிரைகோமோனாஸ் இரண்டும் காளையின் ஆண்குறி உறையின் மடிப்புகளில் ஒளிந்திருக்கும். காளைக்கு எந்த நோய்க்குறியும் இருக்காது. பசுதான் அவதிப்படும்: கரு ஆரம்பத்திலேயே அழிந்து, பசு திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும், வளர்ப்பவருக்குக் காரணமே புரியாது.

பி.வி.டி. என்கிற வைரஸ் கழிச்சல் நோயில் ஒரு வஞ்சகம் உண்டு. தாயின் வயிற்றில் ஆரம்ப மாதங்களிலேயே தொற்றிய கன்று, அந்த வைரஸைத் தன் உடலின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டு பிறக்கும். அதற்கு எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) உருவாகாது. வாழ்நாள் முழுக்க வைரஸைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட காளையின் ரத்தத்தில் எதிர்ப்புரதத்தை மட்டும் தேடினால் ‘இல்லை’ என்று முடிவு வரும், நாமும் ஆரோக்கியமான காளை என்று நினைத்துவிடுவோம். அதனால்தான் பி.வி.டி.க்கு எதிர்ப்புரதச் சோதனை, வைரஸ் சோதனை இரண்டையும் கேட்கிறார்கள்.

ஐ.பி.ஆர். என்கிற ஹெர்பிஸ் வகை வைரஸ் இதற்கு நேர் எதிர். ஒருமுறை தொற்றினால் நரம்பணுக்களில் உறங்கிக் கிடக்கும். பயணம், கன்று ஈனுதல், வேறு நோய் என்று உடல் தளரும்போது விழித்து வெளியே வரும். இங்கே எதிர்ப்புரதம் இருப்பதே எச்சரிக்கைதான்.

கோமாரி வைரஸ் நோய்க்குறி தெரிவதற்கு நான்கு நாள் முன்பே விந்தில் வரலாம். வாயும் குளம்பும் புண்ணாகும்போது விந்து ஏற்கெனவே உறைந்து தொட்டிக்குள் போயிருக்கும். 2019-இல் இந்தியாவுக்குள் வந்த தோல் கழலை நோயின் வைரஸும், பூச்சிக்கடியால் பரவும் நீலநாக்கு வைரஸும் விந்தில் வரக்கூடியவை.

சட்டம் எங்கிருந்து வருகிறது

இந்தியாவில் இதற்கு அடிப்படை 1898-ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டம். எழுதப்பட்ட காலத்தில் கப்பலில் வரும் உயிருள்ள குதிரை, மாடு, ஒட்டகம், ஆடுதான் அதன் கவலை. 2001-இல் செய்த திருத்தம் ‘கால்நடைப் பொருள்’ என்ற சொல்லை உள்ளே கொண்டுவந்தது. இறைச்சி, முட்டை, பால் வரிசையில் மாடு, செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றின் விந்து, கருமுட்டை, கரு மூன்றும் அந்த வரையறைக்குள் வருகின்றன. ஆகவே விந்துக் குச்சி சட்டத்தின் பார்வையில் வெறும் ஆய்வகப் பொருள் அல்ல.

சர்வதேசத் தரத்தை வகுப்பது பாரிஸில் உள்ள உலக விலங்கு நல அமைப்பு. அது உருவான கதையில் நம் நாட்டு மாடுகளும் உண்டு. 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போகும் வழியில் திமில் மாடுகள் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கின. அங்கே வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) என்கிற மாட்டுக் கொள்ளைநோய் வெடித்தது. அந்த அதிர்ச்சியில் நாடுகள் கூடிப் பேசி, 1924-இல் 28 நாடுகள் கையெழுத்திட்டு அமைப்பைத் தொடங்கின. வெக்கை நோய் 2011-இல் உலகிலிருந்தே ஒழிந்தது. அமைப்பும் அதன் விதிகளும் தொடர்கின்றன.

1995 முதல் உலக வணிக அமைப்பின் உடன்பாடு ஒன்று இதோடு சேர்கிறது: ஒரு நாடு சர்வதேசத் தரத்தைவிடக் கடுமையாகக் கேட்கலாம், ஆனால் அதற்கு அறிவியல் காரணம் காட்ட வேண்டும். அதனால் நடைமுறையில் நீங்கள் பின்பற்ற வேண்டியது பாரிஸ் விதிநூலை அல்ல, இறக்குமதி செய்யும் நாடு வெளியிட்ட கால்நடை நலச் சான்றிதழின் வாசகத்தை. விதிநூல் அந்த வாசகம் ஏன் அப்படி இருக்கிறது என்று புரிந்துகொள்ள உதவும். (இலங்கையில் இதே இடத்தில் இருப்பது 1992-ஆம் ஆண்டின் 59-ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம்.)

இரண்டு அனுமதி, ஒரு சான்றிதழ்

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். இந்தியாவுக்குள் மாட்டு விந்து கொண்டுவர இரண்டு வெவ்வேறு கதவுகளைத் தட்ட வேண்டும். சுங்கப் பட்டியலில் மாட்டு விந்தின் எண் 0511 10 00. இது தடையின்றி இறக்குமதி செய்யக்கூடிய சரக்கு அல்ல, கட்டுப்படுத்தப்பட்டது. வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். அந்த உரிமத்துக்குப் பின்னால் இருப்பது மரபுக் கேள்வி: இந்தக் காளை நம் மாடுகளை உண்மையிலேயே மேம்படுத்துமா? காளையின் வம்சாவளி, தாயின் கறவை, மகள்களின் கறவையை வைத்துச் செய்த மதிப்பீடு ஆகியவற்றை மத்திய கால்நடை பராமரிப்புத் துறை பார்த்துப் பரிந்துரைக்கிறது.

இரண்டாவது, அதே துறை தரும் சுகாதார இறக்குமதி அனுமதி. இது நோய்க் கேள்வி: எந்த நாடு, எந்த விந்து சேகரிப்பு மையம், என்ன நிபந்தனைகள். ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வந்துவிடாது. சரக்கு அங்கிருந்து கிளம்பும் முன்பே இரண்டும் கையில் இருக்க வேண்டும். ‘வந்து சேர்வதற்குள் வாங்கிவிடலாம்’ என்று கணக்குப் போட்டால், நைட்ரஜன் நாளுக்கு நாள் குறையும் கொள்கலன் விமான நிலையத்தில் கிடக்கும்.

மூன்றாவது தாள், ஏற்றுமதி நாட்டின் அரசுக் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சான்றிதழ். விந்து நிறுவனத்தின் மருத்துவர் கையெழுத்து செல்லாது. அனுமதியோடு இணைத்துத் தந்த வாசகத்தில் ஒரு வரியை அந்த நாட்டு அதிகாரி ‘பொருந்தாது’ என்று அடித்துவிட்டாலும் சிக்கல்தான். விலை பேசும் முன்பே இந்திய வாசகத்தை விற்பவருக்கு அனுப்பி, அந்த நாட்டு அரசு மருத்துவர் ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்திட முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்த ஒரு வேலையை முன்னால் செய்தால் பின்னால் வரும் பெரும்பாலான அலைச்சல் குறையும்.

காளையின் நாட்காட்டி

சர்வதேச விதிப்படி ஒரு காளை நேராக விந்து மையத்துக்குள் போக முடியாது. முதலில், தொழுவத்தில் இருக்கும்போதே காசநோய், புரூசெல்லோசிஸ், பி.வி.டி., ஐ.பி.ஆர். போன்றவற்றுக்குச் சோதனை. பிறகு குறைந்தது 28 நாள் தனிமைப்படுத்தல். தனிமைக்குள் போய் 21 நாளாவது கழிந்த பின் பி.வி.டி.க்கும் ஐ.பி.ஆர்.க்கும் மீண்டும் ரத்தம் எடுக்க வேண்டும். ஏன் 21? நேற்றுத் தொற்றிய மாட்டின் ரத்தத்தில் இன்று எதிர்ப்புரதம் தெரியாது. உடல் அதை உருவாக்க இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

கேம்பைலோபேக்டர், டிரைகோமோனாஸ் சோதனைக்கு ஆண்குறி உறையைக் கழுவி மாதிரி எடுப்பார்கள். ஆறு மாத வயதுக்குள் இருக்கும் காளைக்கும், அந்த வயதிலிருந்தே காளைகளோடு மட்டும் வளர்ந்ததற்கும் ஒரு சோதனை போதும். பசுக்களோடு சேர்ந்திருக்க வாய்ப்புள்ள காளைக்கு வார இடைவெளியில் மூன்று. ஒரே மாதிரியில் கிருமி அகப்படாமல் போகலாம் என்பதால்தான் மூன்று முறை. தனிமையில் இருக்கும்போது ஒரு காளைக்கு ஐ.பி.ஆர். உறுதியானால் அதை மட்டும் விலக்கினால் போதாது. அது வெளியேறி 21 நாளாவது ஆன பின் மற்றக் காளைகளுக்கும் மறுசோதனை செய்து, முடிவு சரியாக இருந்தால்தான் அவை மையத்துக்குள் போகலாம்.

கற்பனையாக ஒரு காளையை எடுத்துக்கொள்வோம். மார்ச் 1 அன்று தனிமைக்குள் நுழைகிறது. மார்ச் 22-க்கு முன் எடுத்த ரத்தம் கணக்கில் வராது. முடிவுகள் சரியாக இருந்தால் மார்ச் 29-க்குப் பிறகு மையத்துக்குள் போகலாம். ஏப்ரல் 10 அன்று விந்து எடுக்கிறார்கள். அந்தக் குச்சிகள் உடனே கப்பலேறாது. கோமாரி இருக்கும் நாட்டின் விந்து குறைந்தது ஒரு மாதம் அங்கேயே சேமிப்பில் காத்திருக்க வேண்டும். அந்த மாதத்தில் மையத்தின் எந்த மாட்டுக்கும் நோய்க்குறி வரக்கூடாது. ஏப்ரல் 28 அன்று பக்கத்துக் கொட்டிலில் வேறொரு காளைக்கு வாயில் புண் வந்து கோமாரி என்று உறுதியானால், நம் காளை எவ்வளவு நலமாக இருந்தாலும் அந்தத் தொகுதி போச்சு. நோய்க்குறிக்கு நான்கு நாள் முன்பே விந்தில் வைரஸ் வரும் என்று மேலே சொன்னதை இந்த ஒரு மாதக் காத்திருப்போடு சேர்த்துப் பாருங்கள். விதி எங்கிருந்து வந்தது என்று விளங்கும்.

கோமாரி புழங்கும் நாடாக இருந்தால் மேலும் உண்டு: மையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் விந்து எடுப்பதற்கு முன்னும் பின்னும் 30 நாள் நோய் இருக்கக்கூடாது. காளைக்குத் தடுப்பூசி போட்டிருந்தால், ஒவ்வொரு சேகரிப்பிலும் 5 சதவீதக் குச்சிகளை, குறைந்தது ஐந்தையாவது, வைரஸுக்குச் சோதிக்க வேண்டும். நீலநாக்குக்கு இன்னொரு கணக்கு. ரத்தத்தை பி.சி.ஆர். முறையில் சோதித்தால் சேகரிப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் இடையில் 28 நாளுக்கு ஒருமுறையும். வைரஸை வளர்த்துப் பார்க்கும் முறையென்றால் 7 நாளுக்கு ஒருமுறை.

நாட்டின் நிலையும் ஒரே நாளில் மாறும். ஜெர்மனி பல பத்தாண்டுகள் கோமாரி இல்லாமல் இருந்தது. 2025 ஜனவரியில் பெர்லினை ஒட்டிய பிராண்டன்பர்க் மாநிலத்தில் எருமைகளுக்கு வந்தது. அந்த நிலை மீண்டும் கிடைக்கும் வரை, நோயற்ற நாடு என்ற வரியில் அன்று முதல் எந்த அரசு மருத்துவராலும் கையெழுத்திட முடியவில்லை. ஆகவே சான்றிதழில் விந்து எடுத்த தேதி மிக முக்கியம். நோய் வருவதற்கு வெகு முன்பே எடுத்துச் சேமித்த தொகுதிக்கும், வந்த வாரத்தில் எடுத்ததற்கும் உள்ள வேறுபாட்டை அந்தத் தேதி ஒன்றுதான் காட்டும்.

குச்சி, கரைசல், கொள்கலன்

கரைசலில் சேர்க்கும் பொருளும் கேள்விக்கு உட்பட்டது. பால் சேர்த்தால் 92 டிகிரியில் 3 முதல் 5 நிமிடம் சூடாக்கியிருக்க வேண்டும். முட்டை இயன்றவரை குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லாத கோழிக்கூட்டத்திலிருந்து வர வேண்டும். ஆன்டிபயாட்டிக்குக்கு ஏற்கப்பட்ட ஒரு கலவை: ஒரு மில்லிலிட்டருக்கு ஜென்டாமைசின் 250 மைக்ரோகிராம், டைலோசின் 50, லின்கோமைசின் 150, ஸ்பெக்டினோமைசின் 300. எதை எவ்வளவு சேர்த்தார்கள் என்று சான்றிதழில் எழுதுவது வழக்கம்.

ஒவ்வொரு குச்சியிலும் காளையின் அடையாள எண், இனம், எடுத்த தேதி, மையத்தின் குறியீடு அழியாமல் அச்சாகியிருக்க வேண்டும். தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான். காளைக்குப் பதிவு எண் ஒன்று, காதுத்தோட்டு எண் ஒன்று, நிறுவனம் கொடுத்த எண் ஒன்று என மூன்று இருக்கும். ஆய்வக முடிவில் காதுத்தோட்டு எண், குச்சியில் நிறுவன எண், அனுமதியில் பதிவு எண் என்று இருந்தால், மூன்றும் ஒரே காளைதான் என்று துறைமுகத்தில் நிரூபிப்பது பெரும்பாடு. மூன்றையும் ஒரே அட்டவணையில் போட்டு அரசு மருத்துவரின் முத்திரையோடு முன்பே வாங்கிவிடுவது நல்லது.

கொள்கலன் புதிதாகவோ கிருமிநீக்கம் செய்ததாகவோ இருக்க வேண்டும். வேறெதற்கும் பயன்படுத்தாத புது நைட்ரஜன் ஊற்ற வேண்டும். சரியாக மூடாத குச்சியிலிருந்து கசிந்த வைரஸ், நைட்ரஜன் வழியே பக்கத்துக் குச்சிக்குப் போகக்கூடும். அதனால்தான் வெவ்வேறு சுகாதார நிலையில் உள்ள விந்தை ஒரே தொட்டியில் சேர்த்து அனுப்பக்கூடாது என்கிறார்கள். மூடியில் போட்ட முத்திரையின் எண் சான்றிதழில் இருக்கும். அந்த முத்திரையை வழியில் யாரும் உடைக்கக்கூடாது, நைட்ரஜன் ஊற்றக்கூட.

வந்து இறங்கியதும்

விந்தை நினைத்த விமான நிலையத்தில் எல்லாம் இறக்கிவிட முடியாது. விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையம் இருக்கும் ஊர்களில்தான் இறக்கலாம்: டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத். சென்னை நிலையம் பள்ளிக்கரணையில் உள்ளது. வரும் தேதி, விமான எண், கொள்கலன் எண்ணிக்கையை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதிகாரி அனுமதியையும் மூலச் சான்றிதழையும் ஒப்பிடுவார். முத்திரை எண், குச்சி எண்ணிக்கை, அடையாளம் சரிபார்ப்பார். பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பவோ அழிக்கவோ உத்தரவிடலாம், செலவு இறக்குமதி செய்தவருடையது.

சோதனையின்போது குச்சியை வெளியே எடுத்து எண் பார்ப்பதில் ஒரு கவனம் வேண்டும். கொள்கலனின் கழுத்துக்குக் கீழேயே, நைட்ரஜன் ஆவிக்குள் வைத்துத்தான் படிக்க வேண்டும்; சில நொடிகளில் முடியாவிட்டால் உள்ளே இறக்கிவிட்டு மறுபடி தூக்க வேண்டும். அரைகுறையாகச் சூடேறி மீண்டும் உறையும்போது உள்ளே பனிப்படிகங்கள் வளர்ந்து விந்தணுவின் சவ்வைக் கிழித்துவிடும். வெளியே பார்க்கக் குச்சி அப்படியேதான் இருக்கும். கெட்டது மாடு சினை நிற்காதபோதுதான் தெரியும்.

நோயோடு சேர்ந்து வரும் இன்னொன்று

கிருமி இல்லாத விந்திலும் கேடு வரலாம். பிளாட் என்ற பரம்பரைக் குறைபாட்டில் கன்றின் வெள்ளணுக்கள் புண்ணுக்கும் தொற்றுக்கும் போய்ச் சேராது. கன்று சீக்கிரமே சாகும். சி.வி.எம். என்ற குறைபாட்டில் முதுகெலும்பு கோணிய கன்று செத்துப் பிறக்கும். கார்லின்-எம் ஐவன்ஹோ பெல் என்ற அமெரிக்க ஹோல்ஸ்டீன் காளை பால் பெருக்கத்துக்காக உலகெங்கும் பயன்பட்டது. அது இந்த இரண்டு மரபணுக்களையும் சுமந்திருந்தது பின்னாளில்தான் தெரிந்தது. சுமக்கும் காளைக்கும் சுமக்கும் பசுவுக்கும் பிறக்கும் கன்றுகளில் நான்கில் ஒன்றுக்குக் குறைபாடு வரும். எனவே ஹோல்ஸ்டீன் விந்து வாங்கும்போது பிளாட், சி.வி.எம்., சிட்ருலினீமியா, டம்ப்ஸ், காரணி 11 குறைபாடு ஆகிய பரம்பரைக் குறைபாடுகளுக்கான மரபணுச் சோதனை முடிவுகளையும் கேளுங்கள்.

விலை காரணமாகவும் எண்ணிக்கை காரணமாகவும் இறக்குமதி விந்து பெரும்பாலும் நேராகக் கிராமத்து மாட்டுக்குப் போவதில்லை. தேர்ந்த தாய்ப்பசுக்களுக்கு இட்டு அடுத்த தலைமுறைப் பொலிகாளையை உருவாக்கத்தான். அந்தக் காளைகளிடமிருந்துதான் உதகை, ஓசூர், ஈச்சங்கோட்டை போன்ற உறைவிந்து நிலையங்கள் விந்து எடுக்கின்றன. தமிழ்நாட்டில் 2019-இன் மாட்டினப் பெருக்கச் சட்டம் விந்து நிலையங்களையும் சினை ஊசி போடுபவர்களையும் பதிவுக்குள் கொண்டுவருகிறது. காங்கேயம், பர்கூர், உம்பளச்சேரி, புலிக்குளம், ஆலம்பாடி மாடுகளின் தாயகப் பகுதிகளில் அந்தந்த இனத்து விந்தையே இட வேண்டும். எத்தனை சான்றிதழோடு வந்த ஜெர்சி விந்தானாலும் அங்கே அதற்கு இடமில்லை.

கடைசி வேலை களத்தில். குச்சியை 37 டிகிரி நீரில் 30 நொடி உருக்கி, துடைத்து, ஊசிக்குழாயில் ஏற்றி, தாமதிக்காமல் இட வேண்டும். போட்டு முடித்ததும் வெறும் குச்சியை வீசும் முன் அதிலுள்ள காளை எண்ணையும் தேதியையும் மாட்டின் 12 இலக்கக் காதுத்தோட்டு எண்ணோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். ஆறு மாதம் கழித்து ஏற்றுமதி நாட்டிலிருந்து ‘அந்தத் தேதியில் எடுத்த தொகுதியைத் திரும்பப் பெறுகிறோம்’ என்று கடிதம் வந்தால், எந்தத் தொழுவத்துக்கு ஓட வேண்டும் என்று அந்த ஒரு வரிதான் சொல்லும்.